டீசல்காரர் மீசையும் டர்பைன் கப்பலும்

சலூன்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அவர் சொல்வதை மறுத்துப் பேச மாட்டார்கள். பேசவும் முடியாது. கன்னம் முழுக்கச் சோப்பு நுரை, தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி, பின்னந்தலையில் அவருடைய இடது கை. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். இந்த நிலையில்தான் ஊரில் பாதிப் பேர், சொகுசுக் கப்பல்களுக்கு ஏன் கேஸ் டர்பைன் இன்ஜின் உகந்தது என்று தெரிந்துகொண்டார்கள். தபால்காரர் மாதம் இருமுறை தெரிந்துகொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகி, வகுப்பிலேயே நடத்தத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

எல்லாவற்றுக்கும் காரணம் தங்கை. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கத்திரிக்கோல் பிடித்தவர். அவளோ அவருடைய கடையில், ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியே கப்பல் இன்ஜினியர் ஆனவள். பத்து வயதில் ஒருநாள் கடையின் முடிவெட்டும் மிஷினைப் பிரித்துப் பரப்பிவிட்டாள். பாதி கிராப்போடு ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டுவதற்கு மூச்சை இழுத்த அண்ணன், அவள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி மிஷினை ஓட்டிக் காட்டியதும், பாதி கிராப்புக்காரர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, ஒரு திருகாணி கூட மிச்சமில்ல" என்றார். அந்தப் பெருமை அன்றைக்கு அவர் தலையில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

இப்போது அவள் பெரிய வெள்ளைக் கப்பல் ஒன்றில் செகண்ட் இன்ஜினியர். இரண்டாயிரம் பேர் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கிற கப்பல். கடையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட அதன் படம் மாட்டியிருக்கும். அதில் புகைபோக்கியின் அடியில் சிவப்பு மையால் ஓர் அம்புக்குறி போட்டு, 'இங்கே' என்று எழுதி வைத்திருந்தார். அங்கேதான் டர்பைன் இருக்கிறது.

முதல் விடுமுறையில் வந்தபோது தங்கை அதைக் கடைச் சாமான்களை வைத்தே அவருக்கு விளக்கினாள். முடிவெட்டும் மிஷினை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"எப்படி இருக்குண்ணே?"

"கை மரத்துப்போகுது."

"இதான் டீசல். உள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் இடிச்சுக்கிட்டே இருக்கும்." அடுத்து, முடி உலர்த்தும் மிஷினைக் கொடுத்தாள். "இப்ப?"

"சும்மா உய்யுன்னு இருக்கு."

"இது டர்பைன். காத்தை இழுத்து, அமுக்கி, எண்ணெய் விட்டுக் கொளுத்தி, அந்த வேகத்துல சக்கரத்தைச் சுத்த விடுறோம். சுத்துறது மட்டும்தான் வேலை. இடிக்கிறதே கிடையாது. அது சுத்தினா கரண்ட்டு வரும், கரண்ட்டுல கப்பல் ஓடும்."

அன்று மாலையே அவர் கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் 'கேஸ் டர்பைன்: நன்மைகள்' என்று தலைப்பிட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தார். அதன் பிறகு அவள் தொலைபேசியில் சொன்னதெல்லாம் தேதியோடு, எண்ணோடு அதில் ஏறியது. நோட்டில் இல்லாத ஒரு சொல்லைக் கூட யாரிடமும் சேர்த்துச் சொல்ல மாட்டார். இரண்டு கிருதாவும் ஒரே உயரமா என்று நூல் பிடித்துப் பார்க்கிறவர் அவர். அளந்து பார்க்காத எதுவும் அவர் கடையை விட்டு வெளியே போகாது.

"அதே பலத்துக்கு டீசல் வச்சா நம்ம பஸ் டிப்போ அளவு இடம் வேணும்" என்று தொடங்குவார். "டர்பைனுக்கு அதுல கால்வாசி கூட வேண்டாம். எடையும் அப்படித்தான். அதனாலதான் கப்பலுக்கு அடியில கிடக்காம மேல போய் உக்காந்திருக்கு. மிச்சமான இடத்தை என்ன பண்ணாங்க? நீங்க சொல்லாதீங்க, நுரை போயிடும். ரூம் கட்டிட்டாங்க."

அடுத்த கன்னத்துக்குப் போகும்போது புகையைப் பற்றிய பேச்சு வரும். "ரொம்ப சுத்தம். மேல்தளத்துல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கலாம், கரி விழாது. வெளிய போற சூட்டையும் சும்மா விடுறதில்ல. அதுல தண்ணியைக் கொதிக்க வச்சு, அந்த ஆவியால இன்னொரு சக்கரத்தைச் சுத்தி, அதுலயும் கரண்ட்டு எடுக்கிறாங்க. அடுப்பு அணைச்ச பிறகும் அதே சூட்டுல வெந்நீர் போடுற சாமர்த்தியம்."

சவரக் கத்தியில் பழைய பிளேடைக் கழற்றிப் புதிதை மாட்டும்போது பேச்சின் உச்சம். "இன்ஜின் பழுதாச்சுன்னா வாரக்கணக்கா பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்கார மாட்டாங்க. இன்ஜினையே வெளிய இழுத்துட்டு வேற ஒண்ணை உள்ள தள்ளிடுவாங்க. துறைமுகத்துல நிக்கிற நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். இதோ, இப்படி." பிளேடு 'டக்' என்று உட்காரும். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மட்டும் உருட்டி, புரிந்தது என்பார்.

இந்தப் பிரசங்கத்துக்கு ஊரிலேயே ஒரே ஒரு எதிரி. அவருடைய மனைவியின் அண்ணன். பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக். ஊருக்கே அவர் டீசல்காரர். ஓடுகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, அது எந்தத் தெருவில் வருகிறது, அதில் எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதைவிடப் பிரபலம் அவர் மீசை. முப்பது வருஷமாக மேலுதட்டை யாருக்கும் காட்டாத மீசை. அதற்குக் கீழே அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று வீட்டிலேயே பந்தயம் கட்டுவார்களாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்து, அதன் ஓரத்தை மட்டும் வெட்டிக்கொள்வார்.

"மாப்ள, உன் டர்பைன் ஒரு குடிகாரன்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "வேகமா போனாலும் குடி, மெதுவா போனாலும் அதே குடி. அதுவும் நல்லா வடிகட்டின உசத்தியான சரக்குதான் கேக்கும். என் டீசலைப் பாரு. குடுத்ததைக் குடிச்சிட்டு, முணுமுணுக்காம உழைக்கும்."

"முணுமுணுக்காமயா? உங்க டிப்போ பக்கம் வந்தா பல்லு ஆடுது மச்சான்."

"அது உன் பல்லோட கோளாறு."

"பேசாதீங்க, மீசை ஓரத்துல கத்திரி இருக்கு."

"இப்படி வாயை அடைச்சுத்தானே நீ எல்லார்கிட்டயும் ஜெயிக்கிற?" டீசல்காரர் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதிர்வே கிடையாதுங்கிற, தம்ளர் தண்ணி கூட ஆடாதுங்கிற. நீ பாத்தியா? ஒரு நாளாவது அந்தக் கப்பல்ல கால் வச்சிருக்கியா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள். சலூன்காரர் கால் வைத்ததில்லை. எல்லாம் தங்கை சொல்ல எழுதிக்கொண்டதுதான். அளந்து பார்க்காததை இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்பது சுருக்கென்று தைத்தது. அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

"சரி. அடுத்த மாசம் அந்தக் கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வருது. பக்கத்துத் துறைமுகம் வரைக்கும் சொந்தக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகலாம்னு தங்கச்சிக்கு அனுமதி இருக்கு. நீங்களும் வாங்க. ஓடுற கப்பல்ல உங்களுக்கே சவரம் பண்றேன். பக்கத்துல ஒரு தம்ளர், விளிம்பு வரைக்கும் தண்ணி. ஒரு சொட்டு சிந்தினாலும் சரி, உங்க மூஞ்சியில ஒரு கீறல் விழுந்தாலும் சரி, இந்த நோட்டு உங்களுக்கு. அப்புறம் இந்தக் கடையில டர்பைன்ற பேச்சே கிடையாது."

"சிந்தலைன்னா?"

சலூன்காரர் கண்ணாடியில் அந்த மீசையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் அதையே பார்த்தார்கள். டீசல்காரர் அதை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, "போடு" என்றார்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டு மேலுதட்டின் இடது ஓரத்தை மட்டும் லேசாக மேலே சுழித்தாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த உதட்டுச் சுழிப்பை எதிர்த்து சலூன்காரர் எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை. அது வந்துவிட்டால், சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, "சரிம்மா" என்று எழுந்து போய்விடுவார்.

"நீயும் வாயேன்" என்றார். "மச்சானுக்குப் பதிலா நீ வந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"ஊஞ்சல்ல உக்காந்தாலே எனக்குத் தலை சுத்தும். என் மூஞ்சியை அந்தக் கப்பல்ல பாக்கலாம்னு கனவு காணாதீங்க. எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. நோட்டை அவர்கிட்ட குடுத்துட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

அந்த ஒரு மாதமும் சலூன்காரர் கடையில் டர்பைன் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். தபால்காரர் கவலைப்பட்டு, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று விசாரித்தார்.

கப்பலேறும் நாளில் இருவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுக வாசலில் நின்றார்கள். டீசல்காரர் மீசைக்கு எண்ணெய் பூசியிருந்தார். சலூன்காரரின் கத்திப் பெட்டிக்கு மட்டும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மூன்றாவது அதிகாரி பெட்டியைத் திறந்து, கத்தி, சீப்பு, புருசு, படிகாரக் கல் எல்லாம் தத்தம் பள்ளத்தில் படுத்திருக்கும் அழகைப் பார்த்துவிட்டு, தன் கிருதாவைத் தொட்டுக்கொண்டு, "ஊர் திரும்பும்போது என்னை ஒருமுறை பாத்துட்டுப் போங்க" என்றார்.

தங்கை ஏணியின் மேல் முனையில் வெள்ளை வேலை உடையில், தோளில் பட்டையோடு நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள். "அண்ணே" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் தோளுக்கு மேலாக அவள் பின்னங்கழுத்தைப் பார்த்தார். "யாரு வெட்டினது? இடது பக்கம் அரை விரல்கடை இறங்கியிருக்கு" என்றார்.

"வந்ததும் ஆரம்பிச்சாச்சு" என்று சிரித்தாள் அவள். "மாமா, பந்தயத்தைப் பத்தி அண்ணி சொன்னாங்க. இன்ஜின் ரூம்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். உங்க மீசையைப் பாக்கணும்னு சீஃப் இன்ஜினியரே கேட்டாரு."

"நல்லா பாத்துக்கச் சொல்லும்மா. இறங்கும்போதும் இதே மீசைதான்."

அவளுக்கு வேலை நேரம் தொடங்கிவிட்டது. கப்பல் ஊழியர்கள் முடிவெட்டிக்கொள்ளும் சின்னச் சலூனின் சாவியை அண்ணன் கையில் கொடுத்தாள். அங்கே வேலை பார்ப்பவர் சாப்பிடப் போயிருந்தார். "சுவத்துல போன் இருக்கு. ஏதாவதுன்னா ஒண்ணை அமுக்குங்க, நான்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, குழாய்களும் கம்பிகளும் ஓடும் நடைக்குள் விடுவிடுவென்று நடந்து மறைந்தாள். அவள் போன திசையையே அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தீங்களா, என்ன வேகம்" என்றார். டீசல்காரர் அதற்குள் சுவரில் உள்ளங்கையை வைத்து ஏதோ நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓர் அலமாரி, ஒரு கைகழுவும் தொட்டி. சலூன்காரர் முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரி செய்தார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகு தம்ளரை வைத்தார். குழாயில் பிடித்த தண்ணீர் போதாது என்று, சீப்பின் பல்லில் நனைத்து நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் விளிம்புக்கும் மேலே லேசாக உப்பி, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"இவ்வளவு நியாயம் வேண்டாம் மாப்ள" என்றார் டீசல்காரர். "எனக்கே பயமா இருக்கு."

"நாளைக்கு நீங்க ஒரு குறை சொல்லக் கூடாதில்ல."

எங்கோ ஒரு நீண்ட ஊதல் கேட்டது. நாற்காலி ஒரு தடவை தயங்கியது போல இருந்தது. கப்பல் கிளம்பிவிட்டது. சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. பந்தயத்தின் வாசகம் 'ஓடுற கப்பல்ல' என்பதுதான். கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. துண்டை விரித்து, நுரை குழப்பி, வலது கன்னத்தில் கத்தியை வைத்தார்.

நான்கு இழுப்பு வழவழவென்று போனது. ஐந்தாவது இழுப்பில் கத்தியின் நுனியில் ஒரு நமைச்சல் தெரிந்தது. அவர் ஓரக்கண்ணால் தம்ளரைப் பார்த்தார். உப்பி நின்ற தண்ணீரில் மெல்லிய வட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரையிலிருந்து ஏதோ ஒன்று தடதடவென்று மேலே ஏறி வந்தது. அலமாரியில் இருந்த சீப்புகள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தன. சலூன்காரர் கத்தியை விலக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, தண்ணீரிடம் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டி, தம்ளரின் பக்கவாட்டில் வழிந்து, அலமாரிப் பலகையில் அழகாக ஒரு வட்டம் போட்டது.

இருவரும் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள்.

சலூன்காரர் கத்தியை மடித்தார். கையைத் துடைத்தார். பையைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்தார். இத்தனை வருஷம், இத்தனை நாற்காலிப் பிரசங்கம், எல்லாம் இந்தத் துண்டுக்குள் இருந்தது. தங்கை தவறாகச் சொல்லியிருப்பாளா? அவள் சொன்னது தவறாக இருக்க முடியாது. அப்படியானால் அவர் எழுதியதில்தான் தவறா? எது உண்மையானாலும் ஊரில் தலை காட்ட முடியாது. அதைவிட, அவளிடம் போய் என்ன சொல்வது? நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க மச்சான்."

டீசல்காரர் ஒரு கன்னம் நுரையோடு, ஒரு கன்னம் பளபளப்போடு அதை வாங்கிக்கொண்டார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தார். மூடினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு வலது கால் செருப்பைக் கழற்றி, வெறுங்குதிகாலைத் தரையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர், வெற்றியை அனுபவிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க."

"இது டீசல்."

"என்னது?"

"கீழ ஓடுறது டீசல்ங்கிறேன். முப்பது வருஷம் கூடவே குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? அதுலயும் ஒரு சிலிண்டர் மத்ததுங்க கூடச் சேராம தனியா தாளம் போடுது. எண்ணெய் பீச்சுறது அங்க கொஞ்சம் பிந்துது." அவர் கண்ணைத் திறந்து நோட்டைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, நோட்டைத் திருப்பி நீட்டினார். "என் ஆளு ஓடும்போது உன் ஆளு தோத்துட்டான்னா அது ஆட்டத்துல சேராது. போனைப் போடு."

சலூன்காரர் ஒன்றை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே தங்கை எடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் அவள் குரலில் வியப்பு வந்தது.

"ஆமாண்ணே, துறைமுகத்தைத் தாண்டுற வரைக்கும் சின்ன டீசல்லதான் போவோம். மெதுவா போகும்போது டர்பைன் ரொம்பக் குடிக்கும். அதுக்குத்தான் துணைக்கு ஒரு டீசல் வச்சிருக்கோம். இதைத்தான் நான் போன வருஷமே சொன்னேனே, நீங்க எழுதிக்கலையா?"

சலூன்காரர் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. பேனாவைக் கையில் பிடித்திருந்ததும் ஞாபகம் இருந்தது.

"சொன்னம்மா" என்றார். "தலைப்பு 'நன்மைகள்'னு இருந்துச்சு. இது நன்மையில சேராதேன்னு விட்டுட்டேன்."

மறுமுனையில் தங்கை சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. அவள் பின்னால் வேறு இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் கேட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "டீசல்னு நீங்களா கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"நானா? மச்சான். குதிகால்ல கண்டுபிடிச்சாரு. ஒரு சிலிண்டர் வேற பிந்துதாம்."

சிரிப்பு நின்றது. "என்னது? எங்களுக்கே நேத்துதான் சந்தேகம் வந்துச்சு. நாளைக்குப் பிரிச்சுப் பாக்கலாம்னு இருக்கோம். அண்ணே, சீஃப் கேக்கிறாரு, மாமா எந்தக் கப்பல்ல இருந்தாராம்?"

"பஸ் டிப்போன்னு சொல்லு" என்றார் டீசல்காரர், நுரையைத் துடைத்துக்கொண்டே. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் மீசை இரண்டு பக்கமும் சற்று உயர்ந்தது.

துறைமுக எல்லையைத் தாண்டி, வெளி மிதவை வந்ததும் டர்பைனை ஓடவிடுவார்கள், கால் மணி நேரம் பொறுங்கள் என்றாள் தங்கை. இருவரும் பொறுத்தார்கள். சலூன்காரர் பழைய நுரையைக் கழுவிவிட்டுப் புது நுரை குழப்பினார். தம்ளரில் மறுபடியும் சீப்பால் சொட்டு விட்டு உப்ப வைத்தார்.

"அது கிளம்பும்போது எப்படி உறுமுதுன்னு கேக்கணும்" என்றார் டீசல்காரர். குதிகால் இன்னும் தரையில்தான் இருந்தது. "மேல கொண்டு போய் வச்சிருக்காங்களே, அங்கிருந்து சத்தம் வருமா?"

"வரும்னு நோட்டுல இல்ல."

"எல்லாம் நோட்டுல இருக்காதுன்னு இப்பத்தானே பாத்தோம்."

காத்திருந்தார்கள். நுரை லேசாக உலரத் தொடங்கியது. சலூன்காரர் போனை எடுத்தார். "எப்பம்மா ஓட விடுவ? நுரை காயுது."

"டீசலை நிறுத்தியே பத்து நிமிஷம் ஆச்சேண்ணே" என்றாள் தங்கை. "இப்ப கப்பல் முழு வேகத்துல போகுது."

இருவரும் தம்ளர் பக்கம் திரும்பினார்கள். உப்பி நின்ற தண்ணீரில் கூரை விளக்கு கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. சீப்புகள் எப்போதோ பேச்சை நிறுத்தியிருந்தன. உறுமலுக்குக் காது கொடுத்ததில் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கடலும் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. டீசல்காரர் குதிகாலை ஒருமுறை எடுத்து வைத்தார், இன்னொரு காலையும் வைத்துப் பார்த்தார், எழுந்து சுவரில் காதை ஒட்டினார்.

"நின்னுடுச்சா?"

"ஓடுதுங்க மச்சான். உக்காருங்க."

சலூன்காரர் கத்தியை எடுத்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் முகங்களைச் சவரம் செய்திருக்கிறார். இப்படி ஒரு சவரம் அமைந்ததில்லை. கப்பல் கடலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கத்தி கன்னத்தில் வெண்ணெயில் போவது போலப் போனது. கழுத்து, தாடை, காதோரம் எல்லாம் முடிந்தது. மறு சவரமும் செய்தார். கீறல் இல்லை. படிகாரக் கல்லுக்கு வேலை இல்லை. தண்ணீர் உப்பிய இடத்திலேயே நின்றது. மேலே பாட்டுச் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன. சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்த பிறகும் காற்றில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

பிறகு அவருக்கு மனசு இளகியது. "மச்சான், மீசை இருந்துட்டுப் போகட்டும். நீங்க வாயைத் திறக்கலைன்னா நோட்டு போயிருக்கும். நாம சரிக்குச் சரி."

"என் வாக்கைத் தள்ளுபடி பண்ண நீ யாரு? எடு கத்திரியை."

"ஊருல என்ன சொல்லுவாங்க?"

"டர்பைன்கிட்ட தோத்தான்னு சொல்லட்டும். வாக்குத் தவறினான்னு சொல்லக் கூடாது. எடுடா மாப்ள, நான் மனசு மாறுறதுக்குள்ள."

கத்திரி இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டியது. விழுந்ததை சலூன்காரர் ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்தார். மேலுதட்டில் நுரை தடவி, மூன்றே இழுப்பு. ஈரத் துண்டால் துடைத்தார். முப்பது வருஷம் வெயில் படாத உதடு, பால் நிறத்தில் வெளியே வந்தது. டீசல்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிடிக்கவில்லை. மேலுதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே சுழிந்தது.

சலூன்காரர் துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

அதே சுழிப்பு. அதே உதடு. அதே பார்வை. இத்தனை வருஷம் அந்த மீசைக்குப் பின்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"என்ன அப்படிப் பாக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சலூன்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். முழங்கை தம்ளரில் பட்டது. டர்பைனால் சிந்தாத தண்ணீர் முழுக்க டீசல்காரர் மடியில் கொட்டியது. அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள், முடிவைத் தெரிந்துகொள்ள. நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி எப்ப ஏறினாங்க?"

அதன் பிறகு அந்த அறையில் ஒரே சிரிப்பு. சிரிப்பில் சேராதவர் டீசல்காரர் மட்டும்தான். அவர் ஈர மடியோடு எழுந்து, அலமாரியிலிருந்த நோட்டை எடுத்து, சலூன்காரர் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"அந்த டீசல் சமாச்சாரத்தை இதுல எழுது. இப்பவே."

"எழுதறேன் மச்சான். ஊருக்குப் போய் நிதானமா, புதுத் தலைப்புப் போட்டு, தனிப் பக்கத்துல..."

டீசல்காரரின் மேலுதடு இடது பக்கம் சுழிந்தது.

சலூன்காரர் மறுபேச்சில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். 'கேஸ் டர்பைன்: நன்மைகள்' என்ற தலைப்பின் கீழே, பதினேழாவது எண் போட்டு, தேதி போட்டு எழுதினார்: மெதுவாகப் போகும்போது துணைக்கு நல்ல டீசல் ஒன்றும், அதன் நாடி தெரிந்த ஆள் ஒருவரும் வேண்டும். அளவாக அடிக்கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கூட நடுங்கவில்லை. கப்பல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.